சின்னத் தாழிக்குள் என்ன இருந்தது

இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான். குருவுக்கு வயது முப்பத்தொன்று. தலையில் தொப்பி, கையில் பிரஷ். பெயர் இசக்கியம்மாள். ஆற்றோர மேட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாள் அகழாய்வுப் பயிற்சி நடத்த வந்திருந்தார்.

சீடர் மாசிலாமணி ஜெராக்ஸ் கடைக்காரர். வயது நாற்பத்தொன்பது. பயிற்சிக்கு வந்த பதினோரு பேரில் மற்றவர்களுக்குத் தங்கம் கிடைக்குமா, போட்டோ எடுக்க விடுவார்களா என்பதுதான் கவலை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு எதற்காக லீவு நாளில் வெயிலில் வந்து மண் அள்ளுவது? மாசிலாமணிக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி இருந்தது. சனிக்கிழமை காலை டீயிலேயே அதைக் கேட்டுவிட்டார்.

"மேடம், அந்தக் காலத்துல செத்துப்போன சின்னப் பிள்ளைங்களைத் தாழியில வைக்கும்போது, கூட என்ன வச்சு அனுப்புவாங்க?"

"தோண்டிப் பாத்தாத்தான் தெரியும், அண்ணாச்சி."

மதியம் கேட்டார். சாயங்காலமும் கேட்டார். அதே பதில்தான் வந்தது. நான்காவது தடவை கேட்டபோது, இசக்கியம்மாள் அவரைக் குழியின் மூலைக்குக் கூட்டிப்போனார். மண்ணுக்கு மேல் ஒரு சின்னத் தாழியின் வாய் தெரிந்தது.

"இது உங்களுக்கு. கரண்டி கரண்டியா எடுக்கணும். எடுத்த மண்ணைச் சலிக்கணும். அவசரப்படக் கூடாது."

மாசிலாமணி அவசரப்படவில்லை. ஞாயிறு மதியத்துக்குள் பாதித் தாழி காலியானது. கிடைத்தவை நான்கு பால்பற்கள். இசக்கியம்மாள் அவற்றைப் பஞ்சில் எடுத்து வைத்தார்.

"அஞ்சாறு வயசு இருக்கும்" என்றார்.

மாசிலாமணி அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏற்கெனவே சலித்துக் கொட்டிய மண்ணை அள்ளி மறுபடியும் சலித்தார். எலுமிச்சை சாதப் பொட்டலம் வந்ததும் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அவர் பசிக்கவில்லை என்று குழியிலேயே இருந்துவிட்டார்.

மற்றவர்கள் சாப்பிட்டு வந்த பிறகு, இரண்டாவது கூடை மண்ணில் ஒரு மணி கிடைத்தது. சிவப்பு நிறம், சுண்டைக்காய் அளவு.

"சூதுபவளம்! அந்தக் காலத்துக் கல்மணி!" என்று கத்தினார் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர். ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

இசக்கியம்மாள் மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு தடவை கீறினார். முகம் மாறிவிட்டது.

"யாரும் போட்டோ எடுக்காதீங்க. எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. அண்ணாச்சி, நீங்க மட்டும் இருங்க."

எல்லோரும் போனார்கள்.

"இது யாருது?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"பிளாஸ்டிக் மணி, அண்ணாச்சி. நான் கவனிக்காம விட்டிருந்தா இந்தப் பிள்ளை பேர்ல ஒரு பொய் ஏறியிருக்கும்."

"என் மகளோடது."

சொல்லிவிட்டு அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சுபஸ்ரீ. ஆறு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. ஒம்பது வருசம் ஆச்சு. திருச்செந்தூர்ல வாங்கிக் குடுத்த பாசிமணி, ராத்திரி தூங்கும்போதுகூட கழட்ட விடமாட்டா. குழியில இறக்குத நேரம் எங்க பெரியப்பா, 'கழுத்துல கிடக்கதைக் கழட்டு, மண்ணுக்குள்ள போகக் கூடாது'ன்னாரு. கழட்டிட்டாங்க. நான் வேண்டாம்னு தடுத்திருக்கணும் மேடம். ஒரு வார்த்தை சொல்லலை. பிள்ளையை வெறுங்கையா அனுப்பிட்டேன்."

தாடியெல்லாம் நனைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இந்தப் பிள்ளைக்காவது ஏதாவது வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். பாதி தோண்டியும் ஒண்ணுமில்லை. மனசு கேக்கலை. பையில இருந்த மணியில ஒண்ணை வச்சுட்டேன்."

பாவம், அந்த மனுஷனை என்ன சொல்வது? முறைப்படி பார்த்தால் பெயரை அடித்து அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இசக்கியம்மாள் மணியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"மிச்ச மண்ணை எடுப்போம், வாங்க."

இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். சேர்ந்து சலித்தார்கள். கடைசியில் தாழியின் அடி தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

இசக்கியம்மாள் குறிப்பேட்டை நீட்டினார்.

"தோண்டினது நீங்க. நீங்களே எழுதுங்க."

மாசிலாமணி எழுதினார். தாழி எண் ஏழு. பால்பற்கள் நான்கு. உடன் ஒன்றும் வைக்கப்படவில்லை.

குரு கடைசி வரியை அடித்தார்.

"வைக்கலைன்னு நாங்க எழுதுறதில்லை. கிடைக்கலைன்னுதான் எழுதுவோம்."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

இசக்கியம்மாள் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"சுபஸ்ரீயை எதுல படுக்க வச்சீங்க?"

"மண்ணுலதான். ஐப்பசி மாசம், குழியெல்லாம் ஒரே ஈரம். குளிருமேன்னு என் தோள்ல கிடந்த துண்டை விரிச்சு, அதுமேல படுக்க வச்சேன்."

"அப்புறம்?"

"பாலு ஊத்தினோம். அவ அம்மா தலையில இருந்த பூவை எடுத்துப் போட்டா." கொஞ்சம் யோசித்தார். "வேற ஒண்ணும் இல்லை மேடம்."

"இதுல எது மூவாயிரம் வருசம் மண்ணுக்குள்ள நிக்கும்?"

"எதுவும் நிக்காது."

இசக்கியம்மாள் பேனாவை அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.

"அப்போ, என்னிக்காவது ஒருத்தன் அங்க வந்து தோண்டிட்டு, பெத்தவங்க ஒண்ணுமே வைக்கலைன்னு எழுதினா, நீங்க சும்மா விட்டுருவீங்களா அண்ணாச்சி?"