ஓரத்தில் நீந்திய அலைச்சி

ஒரு பெரிய ஏரியில் கூழைக்கடாக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. கூழைக்கடாக்கள் சேர்ந்துதான் மீன் பிடிக்கும். அரைவட்டமாக நீந்தி வந்து, மீன்களைக் கரையோரம் ஒதுக்கி, எல்லாம் ஒன்றாக அலகை முக்கும்.

அரைவட்டத்தின் ஓரத்தில் நீந்துபவள் அலைச்சி. மீன்கள் தப்பி ஓடும் இடம் அதுதான். அவள் சிறகால் தண்ணீரைப் படபடவென்று அடிப்பாள். மீன்கள் மிரண்டு உள்ளே திரும்பும். நடுவில் இருக்கும் அவள் துணைவன் நெடுமூக்கன் அலகுப் பை நிறைய அள்ளுவான். அவளுக்கு ஒரு கெண்டைக் குஞ்சு சிக்கினால் அதிகம். அவன் பிடித்ததில் இருவரும் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் கரையில் நின்ற கொக்கு, கூட்டத் தலைவர் தொங்குபையாரைக் கூப்பிட்டது.

"என்ன தலைவரே, உழைப்பவருக்கும் சும்மா இருப்பவருக்கும் ஒரே மரியாதையா? யார் பையில் எவ்வளவு மீன் என்று பாருங்கள்! நிறையப் பிடிப்பவருக்கு நீங்கள் அடையும் மரத்தின் உச்சிக் கிளையைக் கொடுங்கள்!"

கொக்கு பிறந்ததிலிருந்து தனியாகவே மீன் பிடித்து வந்தது. அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். தலைவருக்கோ அது பெரிய யோசனையாகப் பட்டது.

அன்று மாலை எல்லாரும் பையைத் திறந்து காட்டினார்கள். உச்சிக் கிளை நெடுமூக்கனுக்கு என்று முடிவாயிற்று.

"அலைச்சி, உன் பையில் வெறும் தண்ணீர்தானே இருக்கிறது! சுமந்து வந்த களைப்பா?" என்றார் தலைவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் நெடுமூக்கனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன்!"

கிளை கைநழுவிவிடுமோ என்று அவன் பேசாமல் நின்றான்.

அலைச்சி மேற்கே பறந்து போனாள்.

மறுநாள் எல்லாரும் நடுவிடத்துக்கே முண்டினார்கள்.

"தள்ளுடா, இது என் மீன்!"

"உன் வீட்டுச் சீதனமோ!"

அவர்கள் இடித்துக்கொண்டிருக்க, மீன்கள் ஓரமாக நழுவின. நாளாக ஆகப் பைகள் காய்ந்தன. கூடுகளில் குஞ்சுகள் பசியால் கத்தின.

நெடுமூக்கனுக்கு உச்சிக் கிளையில் தூக்கம் வரவில்லை. தாராளமான கிளை. பக்கத்தில் இன்னொருவர் உட்காரலாம். காற்று தண்ணீரைத் தட்டினாலும் அலைச்சியின் சிறகடியோ என்று அவன் கழுத்து தானாகத் திரும்பியது.

கடைசியில் தலைவரும் சொல்லவே, அவளைத் தேடிப் போனான். தொலைவில் ஒரு சின்னக் குளத்தில், வேறொரு கூட்டத்தின் ஓரத்தில் அவள் சிறகடித்துக்கொண்டிருந்தாள்.

"வா அலைச்சி, போகலாம்! தலைவரே அழைத்துவரச் சொன்னார்."

"அவர் சொன்னது இருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

அவன் அலகைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்கே என் சிறகடியைக் கேட்டுத்தான் அலகை முக்குகிறார்கள். விட்டுவிட்டு எப்படி வருவேன்?"

"அப்படியானால் நானும் இங்கேயே இருக்கிறேனே!"

"அங்கே ஓரத்தில் யார் நீந்துகிறார்கள்?"

"யாருமில்லை."

"குஞ்சுகள் பட்டினி கிடக்குமே! போங்கள். போகுமுன் சாப்பிடுங்கள்." ஒரு விராலை அவன் முன் தள்ளினாள்.

அவன் திரும்பி வந்தான். விடிந்ததும் நடுவிடத்தை விட்டு ஓரத்துக்கு நீந்தினான். சிறகு ஓயும்வரை தண்ணீரை அடித்தான். மீன்கள் திரும்பின, பைகள் நிறைந்தன, குஞ்சுகள் வயிறாரத் தின்றன. தலைவர் வெட்கப்பட்டு, பிடித்ததை எல்லாருக்கும் பங்கிட்டார்.

நெடுமூக்கன் தன் பங்கைத் தின்னாமல் வெகுநேரம் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடிச் செய்யும் வேலையில் ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள், அது கிடைக்கக் காரணமானவரை இழந்து வருந்துவார்கள்.