ஆயிலில் கலந்த தண்ணீர்

ஒரு பட்டறையில் அமலி என்று ஒரு மெக்கானிக் இருந்தாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட சிஷ்யன் சவரி. அவள் புருஷனும் அவன்தான். ஆனால் பட்டறைக்குள் அவளை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு சித்திரை மாதக் காலையில் பழைய வேன் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிச்சையாவும் அவர் மனைவி பொன்னுத்தாயும் கூடவே வந்தார்கள். அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஓடிய வண்டி அது. வெள்ளிக்கிழமை மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

சவரி ஆயில் மூடியைத் திறந்தான். உள்ளே பால் டீ நிறத்தில் நுரை.

"தண்ணி கலந்துடுச்சு வாத்தியாரே. கேஸ்கெட் போயிருக்கு."

"எப்போ போச்சு?"

"அது எப்படித் தெரியும்?"

"அவரை டீக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அக்காகிட்டப் பேசறேன்."

டீக்கடையில் பிச்சையா கேட்டார். "உங்க வாத்தியார் அடிப்பாங்களா தம்பி?"

"வீட்டுல மட்டும்ணே."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொங்கல்ல இருந்தே பின்னாடி வெள்ளைப் புகை. அவகிட்டச் சொல்லிடாதீங்க. வண்டியில ஏறவே பயந்துக்குவா."

பட்டறையில் பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தினம் காலையில ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சு கிடக்கும் தாயி. அவர் எந்திரிக்கிறதுக்கு முந்தி நானே ஊத்தி வச்சிருவேன். அவர்கிட்டச் சொல்லிடாத. வண்டிக்கு ஒண்ணுன்னா அவருக்குச் சோறு இறங்காது."

மத்தியானத்துக்குள் சவரி இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டான். தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் கேஸ்கெட்டோடு சேதம் நிற்கவில்லை. சூடேறிச் சூடேறி ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருந்த பிளாக்கிலும் விரிசல் விட்டிருந்தது. டீக்கடையில் தான் கேட்டதை அவன் சொன்னான். பட்டறையில் தான் கேட்டதை அவள் சொன்னாள். புகை வந்ததும் தண்ணீர் குறைந்ததும் ஒரே கோளாறுதான்.

"இந்த இஞ்சின் இனி தேறாது வாத்தியாரே. வெள்ளிக்கிழமைக்கு வேற வண்டிதான் பாக்கணும்."

"ம்."

"யார்கிட்டச் சொல்றது? அவர்கிட்டயா, அந்தம்மாகிட்டயா? ஒருத்தர் மேல ஒருத்தர் அவ்வளவு உசிரா இருக்காங்க."

அமலி பெஞ்சில் கிடந்த ஸ்பேனர்களை எடுத்துக் கீழே வைத்தாள். பலகையைத் துணியால் துடைத்தாள்.

"ரெண்டு பேரையும் இதுல பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க. புகையையும் தண்ணியையும் முதல்ல அவங்க சொல்லிக்கட்டும். அப்புறம் நாம சொல்லலாம்."

"சண்டை வந்துடுமே."

"வரட்டும். அந்தச் சண்டை பொங்கலுக்கே வந்திருந்தா இஞ்சின் பிழைச்சிருக்கும்."