வீட்டுக்கு வந்த நீதிமன்றம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். காலையில் ஓர் ஆணையாவது பிறப்பிக்காவிட்டால் அவருக்குப் பசி எடுக்காது. தென்கோட்டத்து நீதிமன்றத்துக்கு மட்டும் நாற்பத்திரண்டு விதிகள். எழுதித் தந்தவர் அங்கிருந்த நியாயாதிபதி அனந்தநம்பி. நியாயத்தைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டார்.

ஆவுடையாள் என்ற கைம்பெண்ணின் வீட்டை நம்பியின் மைத்துனன் பிடித்துக்கொண்டான். அவள் முறையிட்டாள்.

"வழக்குப் பொருளை மன்றத்தில் வைத்தால்தான் விசாரணை. ஏழாம் விதி. பொழுது சாய்வதற்குள் வீட்டைக் கொண்டு வா. தவறினால் வீடு அவனுக்கே" என்றார் நம்பி.

அவள் அரண்மனைக்கு ஓடினாள். "வீட்டை இடுப்புலயா சாமி தூக்கிட்டு வருவேன்?"

"விதி விதிதானே, அம்மா" என்றார் அரசர், மிகுந்த இரக்கத்தோடு.

அரசவை விகடகவி சாத்தப்பர் எழுந்தார். "ஒரு விதியும் மீறாமல் நான் நடத்தித் தருகிறேன், அரசே. தாங்களும் வர வேண்டும்."

எட்டுப் பல்லக்குத் தூக்கிகளோடு மன்றத்துக்குப் போனார். நம்பியை ஆசனத்தோடு தூக்கச் சொன்னார்.

"அடேய், இறக்குங்கடா!"

"தாங்களே குதிக்கலாமே! ஆனால் வழக்கு முடியும்வரை நியாயாதிபதி ஆசனத்தை விட்டு எழக்கூடாது, மூன்றாம் விதி. ஆசனம் இருக்குமிடமே மன்றம், முதல் விதி. வீடு வராது. மன்றம் போகலாம்."

ஆவுடையாள் வீட்டுக் கூடத்தில் ஆசனம் இறங்கியது. எதிரே மைத்துனன் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான்! சவாரியெல்லாம் பலமா இருக்கே? ஒரு வாய் சாப்பிடுங்க."

சாத்தப்பர் விதி ஓலையைப் பிரித்தார். "மன்றத்துக்குள் உண்பவனை உடனே வெளியேற்ற வேண்டும். ஆயுளுக்கும் அவன் உள்ளே வரக்கூடாது. முப்பதாம் விதி. தங்கள் கையெழுத்துதானே?"

வாசலில் அரசர் நின்றார். நம்பி அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெளியே போடா" என்றார் மைத்துனனிடம்.

"எதிராளி இல்லாத வழக்கு வாதிக்கே. எட்டாம் விதி" என்றார் சாத்தப்பர்.

"தீர்ப்பு ஆவுடையாளுக்கு" என்று முனகினார் நம்பி.

அவள் அதற்குள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "வழக்கு முடிஞ்சுதுன்னா கொஞ்சம் எழுந்திருங்க சாமி. எச்சில் இலை எடுக்கணும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் மார்புப் பதக்கத்தைக் கழற்றிச் சாத்தப்பருக்கு அணிவித்தார். "இன்று முதல் நம்பியின் பதவியும் உமக்கே" என்றார்.

சாத்தப்பர் நிமிர்ந்து நின்றார். "பதக்கம் போதும், அரசே. நாங்கள் நான்கு தலைமுறையாகக் கோமாளிகள். அதைவிடக் கீழான வேலைக்கு எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை."