வட்ட வீட்டில் அக்னி மூலை

“தாயே, இந்த அறையில அடுப்பை எங்கே வைக்கிறது? மூலையே இல்லையே!”

வைத்திலிங்கம் அலுத்துக்கொண்டார். பாவம், அலுக்காமல் என்ன செய்வார்? மடத்துப் பழைய நெற்களஞ்சியத்தை அவருக்குக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். உருண்டையான ஒற்றை அறை. அதில் சமையலறையும் வேண்டும், குளியலறையும் வேண்டும். கையிருப்போ சொற்பம்.

மடத்தின் குரு பூரணி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள்; மகள் வயதுதான் இருக்கும்.

“மூலை எதுக்கு ஐயா?”

“அடுப்பு அக்னி மூலையிலதானே இருக்கணும்? பழைய வீட்டுல அது தப்பாப் போச்சு. பெத்த மகளைப் பறிகொடுத்தோம். அன்னையிலேர்ந்து என் சம்சாரம் அடுப்படிப் பக்கமே போறதில்ல. அவ எழுந்து நடமாடணும் தாயே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“வீட்டுல எங்கே இருப்பாங்க?”

“மூலையிலதான். சுவரைப் பாத்துக்கிட்டு முடங்கிக் கிடப்பா.”

பூரணி அந்த உருண்டைச் சுவரை ஒருமுறை கண்ணால் சுற்றி வந்தாள்.

மனுஷன் சும்மா இருப்பாரா? தென்கிழக்கில் செங்கல் அடுக்கி, குறுக்கே சுவர் வைத்து, தானே ஒரு மூலையை எழுப்ப ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் பூரணி வந்தாள். பார்த்தாள். ஈரம் காயாத கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போட்டாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“காசைக் கரியாக்குறீங்களே தாயே!”

“இதே கல்லை வெச்சு வெளியே குளியலறை கட்டுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் குளியல், இந்தப் பக்கம் பாத்திரம் கழுவுற தொட்டி. ரெண்டுக்கும் ஒரே குழாய் போதும்.”

“அப்போ அடுப்பு?”

பூரணி அறையின் நட்டநடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. குரு சொல்லைத் தட்ட முடியுமா? அங்கேயே மேடை கட்டினார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. அடுப்பில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்திலிங்கமும் பூரணியும்.

அவர் மனைவி செண்பகவல்லி கக்கத்தில் பாயோடு வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டியே நடந்தாள். சுற்றிச் சுற்றி மறுபடி வாசலுக்கே வந்து நின்றாள்.

“என்ன வீடு இது! ஒதுங்க ஒரு மூலை இல்லை!”

பாயைத் தூக்கிப் போட்டாள்.

அதற்குள் பால் பொங்கியது. வைத்திலிங்கம் பாத்திரத்தை இறக்கக் கையை நீட்டினார். பூரணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பால் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

“அட, எல்லாம் வீணாப் போகுது! ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலையா?”

செண்பகவல்லி ஓடி வந்தாள். முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. முகத்தைத் துடைத்தாள், கண்ணையும் துடைத்தாள். டம்ளர்களில் பாலை ஊற்றினாள்.

பிறகு பூரணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மடமே விழுந்து கும்பிடும் அந்தக் குருவிடம் கேட்டாள்:

“சர்க்கரை தூக்கலாப் போடவா, கண்ணு?”