எஃப் பதினொன்றும் இசக்கியப்பன் கல்யாணமும்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த முப்பிடாதி சொன்னான். அவனுக்கு அவன் அத்தான் சொன்னாராம். அத்தான் இந்தக் கதை நடந்த கடைக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருப்பவர். ஆகவே பாதியாவது கண்ணால் பார்த்திருப்பார். பேச்சில் கூட்டிச் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை, எழுத்தில் கேட்பார்கள் என்பதால், காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன். கடைசிப் பகுதியை மட்டும் நானே போய்ச் சரிபார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

தென்காசிப் பக்கம் ஒரு ஊரில் கனகசபாபதி அண்ணாச்சி பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை வைத்திருந்தார். வேலைக்கு மூன்று பேர். மூத்தவர் நல்லபெருமாள், எதையும் தீர்ப்புப் போலச் சொல்வார். அடுத்தவன் சங்கிலி, எதற்கும் சந்தேகம் கேட்பான். மூன்றாவது ஆள் இசக்கியப்பன். வயது முப்பத்திநான்கு. கல்யாணம் ஆகவில்லை.

ஆகாததற்குக் காரணம், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வது. பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில், "பஜ்ஜி எப்படி?" என்று கேட்டார்கள். "எண்ணெய் பழசு" என்றார். இன்னோர் இடத்தில், "பொண்ணை நல்லாப் பாத்துக்கிடுவீங்களா?" என்றார்கள். "இன்னும் பழகலை, தெரியாது" என்றார். இப்படி ஒன்பது இடம் தட்டிப்போயிற்று. தை முடிவதற்குள் ஒரு பெண் அமையாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இளையவன் வீட்டுக்குப் போய்விடுவதாக அவர் அம்மா சொல்லிவிட்டார். அப்போது தை பிறந்து நாலு நாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று நாற்பது கம்ப்யூட்டர்கள் கேட்டது. ஒரே நிபந்தனை. பிள்ளைகள் எதையாவது அமுக்கிக் கெடுத்துவிட்டால், மெஷினை ஆன் செய்யும்போது எஃப் பதினொன்று என்ற விசையை அமுக்கியதும், கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிட வேண்டும். அதற்கு அந்த நாற்பதில் ஒரு மெஷினை மாதிரியாகத் தயார்செய்து, அதை முழுசாக நகல் எடுத்து, அந்த நகலை எல்லா மெஷினிலும் ஒரு மூலையில் ஒளித்துவைக்க வேண்டும்.

அண்ணாச்சி மாதிரி மெஷினைத் தயார்செய்து முடித்த நேரத்தில், கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஏ, கேட்டுக்கோங்க. இந்த மெஷின்ல என்ன இருக்கோ, அது ஒண்ணு விடாம நாப்பதுலயும் இருக்கணும். அச்சு அசலா இருக்கணும். நகல் ஏறி முடியிற வரைக்கும் மெஷினை விட்டு ஒருத்தனும் நகரக் கூடாது. முடிஞ்சதும் ஒண்ணையாவது கெடுத்துப் பாத்து, பட்டனை அமுக்கி, பழையபடி வருதான்னு சோதிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணாச்சி" என்றார்கள் மூவரும். புரியத்தான் செய்தது.

அண்ணாச்சியின் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. இசக்கியப்பன் மாதிரி மெஷினில் உட்கார்ந்து, தரகருக்குக் கொடுக்க வேண்டிய ஜாதக விவரத்தை அடித்துத் திரையில் நட்டநடுவே வைத்துவிட்டார். கடையில் அப்போது ஓடிய மெஷின் அது ஒன்றுதான். அதில் இப்படி இருந்தது: "மணமகள் தேவை. இசக்கியப்பன், வயது 34. கோபம் வராது. குறட்டை உண்டு. சாப்பிட்டேன் என்று சொன்னால் சாப்பிட்டிருப்பேன். எதிர்பார்ப்பு: கேட்டால் பதில் சொல்ல வேண்டும்."

நகல் எடுக்க உட்கார்ந்தபோது சங்கிலி கேட்டான்: "அண்ணே, இதை அழிச்சிரட்டுமா?"

நல்லபெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி என்னலே சொன்னாவ?"

"ஒண்ணு விடாமன்னு சொன்னாவ."

"இது ஒண்ணா, இல்லையா?"

"ஒண்ணுதான்."

"பொறவென்ன கேள்வி?"

நகல் எடுக்கும் வேலை தொடங்கியது. ஒன்றரை மணிக்குப் பசித்தது. மெஷினை விட்டு நகரக் கூடாது. மூவரும் யோசித்தார்கள். பிறகு நல்லபெருமாள் பெட்டியையும், சங்கிலி திரையையும், இசக்கியப்பன் 'கீ கீ' என்று கத்திக்கொண்டிருந்த யுபிஎஸ்ஸையும் தூக்கிக்கொண்டு, வயர் அறுந்துவிடாமல் கல்யாண ஊர்வலம் போல அடிமேல் அடி வைத்துப் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போனார்கள். மாவாட்டும் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் மெஷினைச் சொருகினார்கள். நாலு பேர் உட்காரும் மேசையில் மெஷினுக்கும் ஓர் இலை போடப்பட்டது. புரோட்டாக் கடைக்காரர் கேட்காமலே போட்டாராம். இதை அத்தான் பார்த்திருக்கிறார்.

நாற்பதிலும் நகல் ஏறியது. அச்சு அசலா என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால், மாதிரி மெஷினையும் மற்றவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தார்கள். மாதிரி மெஷினின் கீபோர்டில் இன்சர்ட் விசை விழுந்துபோயிருந்தது. மற்ற முப்பத்தொன்பதிலும் அந்த விசை இருந்தது.

"பாத்தியா, அண்ணாச்சி இல்லேன்னா நம்ம கவனிச்சிருப்போமா?" என்று சொல்லிக்கொண்டே நல்லபெருமாள் முப்பத்தொன்பதையும் பிடுங்கினார். விசைகளை ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டு மூடினார்கள்.

மீதி இருந்தது சோதனை. ஒரு மெஷினைக் கெடுக்க வேண்டும். எப்படிக் கெடுப்பது என்று அரை மணி நேரம் பேசினார்கள். அடிக்கலாம் என்றான் சங்கிலி. வலிக்கும் என்றார் இசக்கியப்பன். யாருக்கு என்று சொல்லவில்லை. கடைசியில் சங்கிலி திரையில் இருந்த விவரத்தைத் திறந்து, முப்பத்திநான்கு என்பதை அழித்துவிட்டு ஐம்பத்திநான்கு என்று அடித்தான்.

இசக்கியப்பனின் முகம் வாடிவிட்டது. "கெட்டுட்டுலே" என்றார்.

மெஷினை நிறுத்தி மறுபடி ஆன் செய்து எஃப் பதினொன்றை அமுக்கினார்கள். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. திரை வந்தது. வயது 34.



"இருபது வயசு கொறைஞ்சிட்டு" என்றான் சங்கிலி.

"ஒடம்பு லேசான மாதிரிதான் இருக்கு" என்றார் இசக்கியப்பன்.

"அண்ணே, எங்க மாமாவுக்கு மூட்டு வலி. இங்க கூட்டியாந்து அமுக்கினா?"

நல்லபெருமாள் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "கிறுக்குப் பயலே. ஒங்க மாமா என்ன நம்ம கடையில வாங்கின ஆளா?"

வெள்ளிக்கிழமை நாற்பது மெஷினும் பள்ளிக்கூடத்துக்குப் போயின. கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் உலகம்மாள் டீச்சர். அவர் ஒன்றைத் திறந்தார். இசக்கியப்பன், வயது 34. அடுத்ததைத் திறந்தார். இசக்கியப்பன். நாற்பதிலும் இசக்கியப்பன். ஒவ்வொன்றாக அழித்தார். பிள்ளைகள் எதையெதையோ அமுக்கிக் கெடுத்தார்கள். சொன்னபடி எஃப் பதினொன்றை அமுக்கினார்கள். இசக்கியப்பன் திரும்பி வந்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் கடைக்குப் போன் செய்தார். நல்லபெருமாள் எடுத்தார்.

"சார், ஒங்க மெஷின்ல ஒருத்தரு வந்து வந்து நிக்காரு."

"அவன் இங்கதான இருக்கான் டீச்சர். புரோட்டா திங்கான்."

"அழிச்சா திரும்பவும் வந்துருதாரு சார்!"

"அப்ப மெஷின் நல்லா வேலை செய்யுது" என்று நல்லபெருமாள் போனை வைத்துவிட்டார்.

டீச்சர் மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை இசக்கியப்பன் எடுத்தார்.

"கோபம் வராதுன்னு போட்டிருக்கே, உண்மையா?" என்று டீச்சர் கோபமாகக் கேட்டார்.

"இப்பவும் வரலை டீச்சர்."

டீச்சருக்கும் நாலைந்து இடம் பார்த்திருந்தார்கள். ஒருவன் இல்லாத வேலையைச் சொன்னான், ஒருவன் இல்லாத வீட்டைச் சொன்னான். எதையும் கூட்டாமல் குறட்டையை முன்கூட்டியே எழுதிய ஒருவனை அவர் அதுவரை பார்த்ததில்லை. இங்கே பத்து நாளில் அறுபது தடவைக்கு மேல் படித்துவிட்டார். ஒரு தடவைகூட விவரம் மாறவில்லை.

"குறட்டை ரொம்பவா?"

"நான் கேட்டதில்லை. அம்மா கேட்டிருக்காவ. அவங்ககிட்டக் குடுக்கவா?"

அவரைத் தேடிக் கடைக்கு வந்திருந்த அம்மாவிடம் கொடுத்தார். தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

அண்ணாச்சி பேத்தி முகம் பார்த்துவிட்டு வந்து, இன்சர்ட் விசை இல்லாத கதையைக் கேட்டார். "இனிமே அந்த நாப்பது மெஷின்லயும் ஒருத்தனும் கை வைக்கக் கூடாது" என்றார்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எஃப் பதினொன்றை அமுக்கினான். திரையில், "மணமகள் தேவை. இசக்கியப்பன்." டீச்சர் சிரித்துக்கொண்டே கணவருக்குப் போன் செய்து சொன்னார். இசக்கியப்பன் சிரிக்கவில்லை. கடையில் பஞ்சாயத்துக் கூடிற்று.

"பட்டனை அமுக்கினா பழைய நெலமைக்குப் போயிரும். இது நம்மளே சோதிச்சது" என்றார் நல்லபெருமாள்.

"அப்ப இவருக்குக் கல்யாணம் ஆனது?" என்றான் சங்கிலி.

"போச்சு."

"நாங்க ஒரே வீட்டுல இருக்கோமே அண்ணே!" என்றார் இசக்கியப்பன்.

"அதாம்லே அசிங்கம். ஓடு."

இசக்கியப்பன் வழியில் மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு ஓடினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு முழுதும் எழுந்து நிற்க, டீச்சர் கழுத்தில் மறுபடியும் கட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பிள்ளை பந்தி எங்கே என்று கேட்டதாம்.

இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று மூவரும் எஃப் பதினொன்று விசையையே பிடுங்கிவிட முடிவு செய்தார்கள். அண்ணாச்சி கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இடுக்கியால் பிடுங்கினார்கள். முப்பத்தொன்பது முடிந்து நாற்பதாவதற்கு வந்தபோது டீச்சர் தடுத்தார்.

"இது என் மேசை மெஷின். இது இருக்கட்டும்."

கேட்டது இவ்வளவுதான். போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் போனேன். முப்பத்தொன்பது கீபோர்டில் எஃப் பதினொன்று இல்லை. எண்ணினேன். டீச்சர் மேசையில் இருந்தது. இழுப்பறையில் ஒரு மஞ்சள் கயிறு தயாராக இருந்தது.

"சண்டை போட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தா அமுக்கிருவேன் சார். ஓடி வந்துருவாரு" என்றார் டீச்சர். "அந்தப் பையன் அமுக்கினது ஒண்ணு, நான் அமுக்கினது ரெண்டு." கழுத்திலிருந்து கயிறுகளை வெளியே எடுத்துக் காட்டினார். கல்யாணத்து அன்று கட்டியதையும் சேர்த்து நான்கு. கணக்குச் சரியாக இருந்தது.

ஆனால் மெஷின் உண்மையிலேயே பழைய நிலைக்குப் போகிறதா என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதக் கூடாது. டீச்சரிடம் கேட்டுவிட்டு நானே அமுக்கினேன். இருபத்திரண்டு நிமிடம். வயது 34.

டீச்சர் போனை எடுத்தார். கால் மணி நேரத்தில் வாசலில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. இசக்கியப்பன் மூச்சு வாங்க முன்னால் வந்தார். பின்னால் நல்லபெருமாளும் சங்கிலியும். என் கையில் கொஞ்சம் அட்சதை கொடுத்தார்கள். போட்டேன்.

எனவே டீச்சர் எடுத்துக் காட்டிய நான்கு கயிறு என்பது இப்போது சரியல்ல. ஐந்து.