மேலாளர் அறைக் கதவு

வேலூரில் ஓர் அலுவலகம். அங்கே மேலாளர் கனகசபாபதியின் அறையில் மட்டும்தான் ஏசி. சித்திரை வெயிலில் மற்றவர்கள் வெந்துகொண்டிருக்க, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடுவார். கையெழுத்துக்காக யாராவது கதவைத் திறந்துவிட்டால் போச்சு, காச்சுமூச்சென்று கத்துவார்.

ஒருநாள் காலையில் அட்டெண்டர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“இதோ பார். வெளியே நடக்கிற அத்தனையும் எனக்குத் தெரியணும். ஆனா என் கதவை ஒருத்தரும் திறக்கக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“ஆகட்டும் சார்” என்றாள் செங்கமலம். அவர் மீட்டிங்குக்குப் போன நேரம் பார்த்து ஒரு தச்சரை அழைத்து வந்தாள்.

திரும்பி வந்தவர் திகைத்து நின்றார். “என் கதவு எங்கே?”

“ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்குங்க சார். இனிமே அதை யாராலயும் திறக்க முடியாது. வெளியே நடக்கிறதெல்லாம் உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.”

அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. உத்தரவு தன்னுடையது என்பதால் கனகசபாபதி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். குளிர்ந்த காற்று ஜிலுஜிலுவென்று ஹாலுக்குள் இறங்கியது. டைப்பிஸ்ட் வாய்விட்டே பாடத் தொடங்கினார். எல்லோரும் பார்த்திருக்க, தூங்கவும் வழியில்லாமல், கனகசபாபதி தேங்கிக் கிடந்த கோப்புகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

மணி ஐந்தடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

“வீட்டுக்குப் போகலையா?” என்றார் அவர் ஈனஸ்வரத்தில்.

“நீங்க கிளம்புங்க சார்,” என்றாள் செங்கமலம். “எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு.”