தெய்வானைக்கென்று வந்த தோல்

இந்தக் கதையின் கடைசியில் வரும் கேள்விக்கு விடை சொல்வது சுலபம் என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். நானும் கேட்ட உடனே ஒரு பெயரைச் சொன்னேன். அது தப்பு என்று உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதனால் அவசரப்படாமல் படியுங்கள்.

கோயம்புத்தூரில் தெய்வானை என்றொரு உடற்பயிற்சி ஆசிரியை. நாற்பத்து நான்கு வயது. காலை ஏழு மணிக்கே டீ-சர்ட்டும் கழுத்தில் விசிலுமாக மைதானத்தில் நிற்கிறவள். அவளுடைய இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர் ஜெயசீலன். தெய்வானை இரண்டு மாதம் பிடிகொடுக்கவில்லை. கணவன் நாச்சிமுத்து கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். மார்பை எடுக்கும் அன்றே, அதே மேசையில், புதிதாக ஒன்றை அமைத்துவிடலாம். உள்ளே ஒரு சிலிக்கான் பை வைப்பார்கள். அது சரிந்துவிடாமல் தாங்க, தானமாக வந்த தோல். யாரோ ஒருவர் உயிரோடு இருக்கும்போதே விரும்பி எழுதிக் கொடுத்து, இறந்தபின் எடுத்த தோல் அது. அதிலுள்ள உயிரணுக்களை நீக்கிச் சுத்தம் செய்து, வெள்ளைத் துணித்துண்டு போல ஆக்கி உறையில் போட்டு அனுப்புவார்கள். உள்ளே வைத்துத் தைத்தால் நாளடைவில் உடம்பு அதைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொள்ளும்.

"அன்னிக்கே செஞ்சாத்தாம்மா நல்லா வரும். பின்னாடி ரேடியேஷன் குடுத்துட்டா தோல் இறுகிப் போயிடும்," என்றார் டாக்டர்.

தெய்வானை யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரிங்க சார். ஆனா நான் கண்ணு முழிக்கறப்ப அந்த எடம் வெறுமையா இருக்கக் கூடாதுங்க. அப்படித்தான் இருக்கும்னா எனக்கு இந்த ஆபரேஷனே வேண்டாமுங்க."

"வெறுமையா எழுப்ப மாட்டேன்," என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. மார்பை எடுத்தாயிற்று. தோல் இருந்த உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதே நேரம் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் குணவதி என்ற பெண் படுத்திருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் வேலை. முந்தின நாள் நீராவிக் குழாய் வெடித்து வலது கை வெந்துவிட்டது. வெந்த சதையை நீக்கிப் பார்த்தால், நினைத்ததைவிட ஆழம். விரல்களை மடக்கும் தசைநார்கள் வெளியே தெரிந்தன. உடனே மூடாவிட்டால் காய்ந்துபோகும், அப்புறம் அந்தக் கை ஊசி பிடிக்காது. மூடுவதற்கு ஏற்ற தோல் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தெய்வானைக்கென்று வந்தது. இன்னொன்று சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும்.

பக்கத்துத் தியேட்டரிலிருந்து அதைக் கேட்டு ஆள் வரவே, டாக்டர் ஜெயசீலன் வெளியே வந்து நாச்சிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "உங்க மனைவி உயிருக்கு ஒண்ணும் ஆகாது. தையல் போட்டு மூடிடலாம். ஆனா தாங்கத் தோல் இல்லாம பை வைக்க முடியாது, மார்பு இருக்காது. என்ன சொல்றீங்க?"

"கைதானுங்க சார் முக்கியம். இது அழகுக்குத்தானுங்களே. நாங்க ரெண்டு புள்ள பெத்து வளத்தாச்சு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான் நாச்சிமுத்து.

 இதைக் கொடுமைக்காரன் ஒருவன் சொன்னதாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நாச்சிமுத்து நல்லவன். கண்ணீர் விட்டுக்கொண்டுதான் சொன்னானாம்.

குணவதியின் கை பிழைத்தது. ஆஸ்பத்திரி முழுக்க நாச்சிமுத்துவின் பேச்சாகவே இருந்தது. கேன்டீன்காரர் அவனிடம் காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவன் மனைவியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "ரெண்டு நாள் போகட்டுமுங்க, நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்," என்று டாக்டரையும் தடுத்துவிட்டான். டாக்டரும் அதுவே நல்லது என்று இருந்துவிட்டார். மார்பு முழுக்கப் பெரிய கட்டு. தெய்வானைக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி குணவதி வார்டுக்குள் வந்தாள். நேரே போய் நாச்சிமுத்துவின் காலில் விழப் பார்த்தாள்.

"அக்காவுக்குன்னு வந்த தோலை எனக்குக் குடுக்கச் சொன்னீங்களாமா. இந்தக் கை நீங்க போட்ட பிச்சைங்ணா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லோணும்."

படுத்திருந்த தெய்வானையின் வலது கை மெல்ல இடப்பக்கம் போயிற்று. கட்டை அழுத்திப் பார்த்தாள். அடியில் எலும்புதான் தட்டுப்பட்டது.  திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

குணவதிக்கு அப்போதுதான் புரிந்தது. "அக்கா, உங்களக் கேக்கவே இல்லீங்களா? ஐயோ, என்னை மன்னிச்சுருங்க்கா," என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தெய்வானை கணவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலீங்க. இனி எப்பவும் தெரியப்போறதில்லை."

இப்போது கேள்வி. குணவதி ஒரு நன்றியைக் கொண்டுவந்தாள். நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டான். டாக்டர் தையல் போட்டு மூடினார். தெய்வானை இழந்தாள். பெயர் தெரியாத ஒருவர் தம் தோலை எழுதிவைத்துவிட்டு இறந்தார். குணவதி நீங்கலாக மற்ற நால்வரில் அந்த நன்றி யாரைச் சேர வேண்டும்? கீழே போகுமுன் ஒரு பெயரை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

விடை: நாச்சிமுத்து தன்னுடையதல்லாததைக் கொடுத்தான், அவனுக்கு நன்றி கிடையாது. தூங்குகிறவளை எப்படிக் கேட்பது என்று டாக்டர் சொல்லலாம். ஆனால் தூங்கப் போகுமுன்பே அவள் பதில் சொல்லியிருந்தாள், அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். நீங்கள் தெய்வானை என்று சொல்லியிருப்பீர்கள். நானும் அந்தப் பெயரைத்தான் சொன்னேன். தெய்வானை எதையும் கொடுக்கவில்லையே, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பறிகொடுத்தவளை வள்ளல் என்று கும்பிட்டால், எடுத்தவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள். தம்முடையதைத் தாமே கொடுத்தவர் அந்தப் பெயர் தெரியாதவர் ஒருவர்தான். நன்றி அவருக்கே. தெய்வானைக்குச் சேர வேண்டியது மன்னிப்பு. ஒரு தப்பும் செய்யாத குணவதி அதைக் கேட்டுவிட்டாள். கேட்க வேண்டிய இருவரும், நான் விசாரித்த வரையில், இன்னும் கேட்கவில்லை.